வாசனை தெரியாமல் சமைத்த வருஷம்

மூக்கிலே அப்படி என்ன பெரிய வியாதி வந்துவிடப் போகிறது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஐந்து மாதமாகிறது. பார்க்கிறவர்கள் "மூக்குக்கா ஆப்பரேஷன் பண்ணிண்டே?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்கள். வயிற்றைக் கிழித்தார்கள் என்றால் ஒரு மரியாதை இருக்கிறது. மூக்குக்கு அது கிடையாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் போனவள் இல்லை நான். கடைப் பொட்டலக் காகிதங்களை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துக் கற்றவள். பேசுகிற மாதிரிதான் எழுதவும் வரும்.

முதலில் ஜலதோஷம் என்றுதான் வந்தது. வந்தது போகவில்லை. ஒரு மாதம், ஆறு மாதம், மூன்று வருஷம். காலையில் எழுந்தால் இடது கன்னத்துக்குள் யாரோ ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிவைத்த மாதிரி ஒரு பாரம். குனிந்தால் அந்த ஈயம் அப்படியே புருவத்துக்கு ஓடும். வாசலில் கோலம் போடக் குனிய முடியாது. ஒன்பது புள்ளிக் கோலம் ஏழு புள்ளியாகி, ஏழு ஐந்தாகி, கடைசியில் நாலு இழை இழுத்துவிட்டு உள்ளே ஓடி வந்துவிடுவேன். படுத்தால் மூக்கு அடைத்துக்கொள்ளும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே, வாயைத் திறந்துகொண்டு தூங்குவேன். தொண்டைக்குள் எந்நேரமும் ஏதோ கசந்து இறங்கிக்கொண்டே இருக்கும். கோயிலில் கதை கேட்கப் போவதை விட்டேன். நான் மூக்கை உறிஞ்சுகிற சத்தத்துக்கு நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றால் அங்கே எப்படி உட்காருவது? பால்காரனோடு சண்டை, தண்ணீர்க் குழாயடியில் சண்டை. என் வீட்டுக்காரர் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். கோபமே வராத மனுஷர். அவரே ஒரு நாள், "கோமளம், உன் மூஞ்சியைப் பார்த்தா யாரோ இப்பத்தான் அறைஞ்சுட்டுப் போன மாதிரி இருக்குடி" என்றார்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சொன்னதையெல்லாம் நான் மறப்பதில்லை. "தலைக்கு ஜலம் விட்டுக்காதே" என்றாள் ஒருத்தி. "தினம் விட்டுக்கோ" என்றாள் அடுத்தவள். சுக்குப் பற்று, நொச்சித் தழை ஆவி, மஞ்சள் புகை எல்லாம் பார்த்தாயிற்று. மூக்குப்பொடிகூட ஒரு வாரம் போட்டேன். மேல் கடைவாய் வலிக்கிறது என்று ஒரு பல் டாக்டரிடம் போனேன். அவர் இரண்டு பல்லைப் பிடுங்கினார். நல்ல பற்கள். வலி கன்னத்து எலும்புக்குள் இருந்தது, பல்லில் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. தெரிந்து என்ன, போன பல் போனதுதான்.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் வருஷ ஆரம்பத்தில் வாசனை போயிற்று.

எனக்குத் தொழில் திவசச் சமையல், செத்தவர்களுக்கு வருஷா வருஷம் திதி கொடுக்கிற வீட்டில் சமைப்பது. மயிலாப்பூரில் மாட வீதிகளைச் சுற்றிப் பத்திருபது வீடுகளில் நான்தான் போய்ச் சமைப்பேன். திவசச் சமையலை அடுப்பில் இருக்கும்போது நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. பிதிருக்களான முன்னோர்களுக்குப் படையல் ஆகிற வரைக்கும் ஒரு பருக்கைகூட எங்கள் வாயில் படக் கூடாது. உப்பு கைக்கணக்கு. மற்றதெல்லாம் மூக்குக் கணக்கு. பருப்பு வறுபட்டதா, வெல்லம் பாகு வந்ததா, நெய் நல்ல நெய்யா, தேங்காய் முற்றலா அழுகலா, எல்லாம் மூக்குதான் சொல்லும்.

இன்னொரு விஷயம். பிதிருக்களாக வரித்து இலையில் உட்கார்ந்த பிராமணர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது. நன்றாயிருக்கிறது என்றும் சொல்லக் கூடாது, நன்றாயில்லை என்றும் சொல்லக் கூடாது. சாப்பிட்டு முடித்ததும் வீட்டுக்காரர், "திருப்திதானா?" என்று மந்திரத்தில் கேட்பார். "திருப்தி" என்று மந்திரத்திலேயே பதில் சொல்வார்கள். அதற்கு வேறு பதில் கிடையாது.

யோசித்துப் பாருங்கள். சமைக்கிறவள் ருசி பார்க்கக் கூடாது. சாப்பிடுகிறவர் சொல்லக் கூடாது. நடுவில் இருந்தது என் மூக்கு ஒன்றுதான். அதுவும் செத்துவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் சொன்னேன். வீட்டில் அவர்தான் எனக்கு மூக்கு. சைக்கிளில் கடைக்குக் கிளம்புமுன் மோர், எண்ணெய், பருப்பு டப்பா என்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, "இது சரி, இது சரி, இதைக் கொட்டிடு" என்று சொல்லிவிட்டுப் போவார். வெளி வீட்டில் ஒரு தந்திரம் செய்தேன். "மாமி, நெய் நன்னாருக்கா, ஒரு தடவை மோந்து பாருங்கோ" என்று வீட்டு அம்மாளிடமே மரியாதைபோல நீட்டுவேன். அவர்களுக்கும் பெருமையாக இருக்கும். மற்றதைக் கண்ணும் காதும் பார்த்துக்கொண்டன. கடுகு வெடிக்கிற சத்தம், பருப்பின் நிறம், நெய்யின் நுரை. பயந்து பயந்து ஒரு வருஷம் ஓட்டினேன்.

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத சமயம். குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் வீட்டில் அவருடைய தகப்பனார் திவசம். வக்கீலின் மனைவி ருக்மிணி மாமி கண்டிப்பானவர். செக்கில் ஆட்டின நல்லெண்ணெய் என்று சொல்லி ஒரு தூக்கு நிறையக் கொடுத்தார். அன்றைக்கு ஊரிலிருந்து மாமியின் நாத்தனார் வந்து இறங்கிய அமளியில், மோந்து பார்க்கச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. அந்த எண்ணெயில்தான் வடை, அதிரசம், சுகியன் எல்லாம் சுட்டேன். கூடத்து ஹோமப் புகையில் மற்றவர்களுக்கும் வாடை தெரியவில்லை போலிருக்கிறது.

வைத்தா சாஸ்திரிகளும் இன்னொருவரும் இலையில் உட்கார்ந்தார்கள். எனக்குத் திவசம் பிடித்துத் தருகிறவரே வைத்தா சாஸ்திரிகள்தான். இருவரும் வாய் திறக்காமல் சாப்பிட்டார்கள். "திருப்தி" என்றார்கள். போய்விட்டார்கள்.

அப்புறம் வீட்டார் உட்கார்ந்தார்கள். வக்கீல் ஒரு வடையை விண்டு வாயில் வைத்தார். வைத்தவர் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினார்.

ருக்மிணி மாமி சமையலறைக்கு வந்தார். "கோமளம், இந்த வடையைச் சாப்பிடு" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வடையை முழுதும் தின்றேன். உப்பு தெரிந்தது, மொறுமொறுப்பு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"எப்படி இருக்கு?"

"நன்னாத்தான் இருக்கு மாமி."

"மண்ணெண்ணெய் குமட்டறது! முகம் சுளிக்காம திங்கறயே, என்ன நெஞ்சழுத்தம்டி நோக்கு! நான் குடுத்தது செக்கு எண்ணெய். அது எங்கே போச்சு? அதை எடுத்து வச்சுண்டு, கடைச் சரக்கை ஊத்திப் பொரிச்சயா?"

எண்ணெயில் மண்ணெண்ணெய் எப்படிக் கலந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே புனலை வைத்து யாராவது ஊற்றியிருக்கலாம். ஆனால் அதை எப்படி வாதாடுவேன்? நான் எடுக்கவில்லை என்றால், "மூக்கு இருக்கிறவளுக்குத் தெரியாமல் போகுமா?" என்பார்கள். மூக்கு இல்லை என்றால், அப்படிப்பட்டவள் எந்தத் தைரியத்தில் திவசத்துக்குச் சமைக்க வந்தாய் என்பார்கள். திருடி என்ற பேரோடு வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் தொழிலை விட வேண்டும். நான் ஒன்றும் பேசாமல் என் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். பேசாமல் போனதே சாட்சியாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் நாலு வீதிக்கும் தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் கண் விழித்தால், இடது கண் திறக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். இமை சுரைக்காய்ப் பிஞ்சு மாதிரி வீங்கி, பளபளவென்று சிவந்திருந்தது. காய்ச்சல் வேறு. என் வீட்டுக்காரர் கடைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, ரிக்‌ஷாவில் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

வெளி நோயாளிகள் உட்காருகிற பெஞ்சில் இரண்டு மணி நேரம். பக்கத்தில் காது, தொண்டை என்று எல்லோரும். இந்தக் கண்ணோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இங்கே ஏன் வந்தாய் என்று ஒருவர் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

மூக்கு டாக்டர் என்னை ஒரு இருட்டறைக்குள் உட்காரவைத்து, பொட்டுக்கடலை அளவு ஒரு பல்பை வாய்க்குள் வைத்து உதட்டை மூடச் சொன்னார். எதிரே கண்ணாடி. வலது கன்னம் தீப்பந்தத்தைக் கையால் மறைத்த மாதிரி செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தது. இடது கன்னம் கரி. பார்த்ததும் இடது கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"பயப்படாதீங்கம்மா" என்றார் அவர். எல்லோருக்கும் கன்னத்து எலும்புக்குள்ளேயும் புருவத்துக்குப் பின்னாலும் காலி அறைகள் இருக்கின்றனவாம். அதற்குச் சைனஸ் என்று பெயர். ஒவ்வொரு அறைக்கும் மூக்குக்குள் ஒரு சின்ன வாசல். வாசல் அடைத்துப் போனால் அறைக்குள் சளி தேங்கிச் சீழாகிவிடும். எனக்கு இடது கன்னத்து அறை நிறைய மூன்று வருஷச் சீழ். போதாததற்கு மூக்குக்குள்ளே திராட்சைக் குலை மாதிரி சதை தொங்கி, வாசனை போகிற வழியையும் அடைத்துவிட்டது. எக்ஸ்ரே படத்திலும் அந்தப் பக்கம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாக இருந்தது.

"கண்ணு ஏன் வீங்கித்து?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"அந்த அறைக்கும் கண்ணுக்கும் நடுவுல இருக்கிற எலும்பு காகிதம் மாதிரிதான் சார். சீழ் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்குது. முதல்ல கண்ணைக் காப்பாத்தணும். அப்புறம்தான் ஆப்பரேஷன்."

பெனிசிலின் என்று ஒரு மருந்து. யுத்தத்தில் சிப்பாய்களுக்குப் போட்டது அப்போதுதான் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊசி, ராத்திரி பகல் கிடையாது. ஊசி போட இடம் மாறி மாறி, கடைசியில் எந்தப் பக்கம் படுப்பது என்றே தெரியாமல் போயிற்று. டாக்டர் தினமும் என் வலது கண்ணை மூடிவிட்டு விரல்களைக் காட்டுவார். "எத்தனை?" நான் எண்ணிச் சொல்லுவேன். அந்த ஒரு கேள்விக்காக முந்தின ராத்திரியே என் விரல்களை நானே எண்ணிப் பார்த்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் மத்தியானம் கஞ்சி எடுத்துக்கொண்டு வருவார், வேர்த்துக் கொட்டியபடி. சைக்கிள் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. மருந்துக் குப்பிகள் வந்துகொண்டிருந்தன, அவர் நடந்து வந்துகொண்டிருந்தார். அதில் கேட்க என்ன இருக்கிறது?

அடுத்த கட்டிலில் கதீஜா பீ. ராயப்பேட்டையில் தோல் மண்டி வைத்திருக்கிற குடும்பம். காதில் ஆப்பரேஷன் ஆகித் தலையைச் சுற்றிக் கட்டு. இரண்டாம் நாள் நான் ஏதோ கேட்கக் குனிந்தேன். அந்த அம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஐயரூட்டம்மா, தப்பா நெனச்சுக்காதே. உன் வாய் நாறுது."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. "என்ன சொல்றேள்?"

"அய்ய, உனக்குத் தெரியாதா? உள்ளார அழுவிகினு கீதுல்ல, அதான் வெளியே வருது. எத்தினி நாளா இப்டி கீது? உன் ஜனங்க யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. மூன்று வருஷமாக எத்தனை பேர் என்னிடம் பேசியிருப்பார்கள்! என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்துதானே சாப்பிட்டார்? அன்று முழுவதும் அந்த அம்மாளோடு நான் பேசவில்லை. மறுநாள் நானே, "சொன்னது நல்லதாப் போச்சு" என்றேன். "பின்னே? நாறுனா நாறுதுன்னு சொல்லத்தான் மூக்கு" என்று அவள் சிரித்தாள், சிரித்ததும் காதைப் பிடித்துக்கொண்டு, "ஏ அல்லா" என்று முனகினாள்.

வீக்கம் வடிந்து கண் திறந்தது. ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முதல் நாள் சாயங்காலம் வைத்தா சாஸ்திரிகள் வந்தார். தீட்டு என்று கட்டிலுக்கு மூன்றடி தள்ளியே நின்றார்.

"கோமளம், ஒண்ணு சொல்லணும். வக்கீலாத்துல மட்டும் இல்லை. போன தையிலேர்ந்தே உன் சமையல் சரியில்லை. ரெண்டு ஆத்துல நெய் சிக்கு வாடை. ஒரு ஆத்துல தேங்காய் அழுகல். சாப்பிடறச்சே சொல்லப்படாது, அது சாஸ்திரம். எழுந்து கையலம்பினப்புறம் சொல்லியிருக்கலாம். சொன்னா நோக்கு வேலை போயிடுமேன்னு இருந்துட்டேன்."

"நீங்க சொல்லியிருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பேனே!"

"தெரியறது" என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு எனக்கு வந்த அழுகை வலிக்கு அல்ல. எத்தனை வீட்டுப் பிதிருக்களுக்கு என்னென்ன படைத்தேனோ! நான் நேரே டாக்டரைக் கேட்டேன்: "வாசனை திரும்பி வருமா?"

"வலி போகும், சீழ் போகும், கண்ணுக்கு ஆபத்து போகும். வாசனைக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேம்மா. நரம்பு ரொம்ப நாளா பட்டினி கிடந்திருக்கு."

ஆப்பரேஷனில் மயக்க மருந்து கிடையாது. மூக்குக்குள் மருந்துப் பஞ்சு, உதட்டுக்குள் ஊசி. அதோடு சரி. நினைவெல்லாம் இருந்தது. மேல் உதட்டை மேலே தூக்கிப் பல்லுக்கு மேல் கீறினார்கள். பிறகு உளி. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உளியும் சுத்தியலும்தான். எலும்பில் வலி இல்லை. ஆனால் டங், டங் என்று ஒவ்வொரு அடியும் மண்டைக்குள்ளேயே விழுந்தது. அம்மி கொத்துகிறவனைத் தலைக்குள் உட்காரவைத்த மாதிரி. டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார். "இன்னும் ரெண்டு தட்டு. ஆச்சு. இன்னும் ஒண்ணு." அவர் இரண்டு என்றால் ஆறு. நர்ஸம்மாவின் கையை நான் பிடித்த பிடியில் அவளுடைய வளையல் நசுங்கியதாம். பிறகு சொன்னாள். எதையோ சுரண்டினார்கள், எதையோ பிடித்து இழுத்தார்கள். கிண்ணத்தில் விழுந்த சத்தம் கேட்டது. கடைசியில் கன்னத்துக்குள்ளும் இடது மூக்குக்குள்ளும் நாடா மாதிரி துணியை மடித்து மடித்து அடைத்தார்கள்.

இரண்டு நாள் அந்தத் துணி உள்ளே இருந்தது. முகம் பூசணிக்காய். பேச முடியாது. வலது பக்கமாவது ஏதாவது தெரிகிறதா என்று ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பேன். சோப்பு, ஆரஞ்சுத் தோல், தலைகாணி. ஒன்றும் இல்லை. சரி, இவ்வளவுதான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். திருடி என்ற பேர் அப்படியே நிற்கட்டும், மூக்கில்லாதவள் என்று ஊருக்குச் சொல்லி இன்னும் என்ன ஆகப் போகிறது என்றும் ஒரு நினைப்பு வரும்.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் வந்து துணியின் நுனியைப் பிடித்து இழுத்தார். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. முழ முழமாக. கன்னத்தையே உருவுகிற மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கதீஜா பீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏ அல்லா! செத்த எலி கணக்கா நாறுதே!"

எனக்கும் அடித்தது. முதலில் அது என்னவென்றே புரியவில்லை. குமட்டியது. ஏன் குமட்டுகிறது என்று யோசித்தேன். நாற்றம்! அந்தக் கிண்ணத்திலிருந்து என் சீழின் நாற்றம் எனக்கே வந்தது.

"நாறறது!" என்று கத்தினேன். வாய் வீங்கியிருந்ததால் எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. "டாக்டர், நேக்கு நாறறது!"

"இன்னாம்மா இது," என்றாள் கதீஜா பீ, "நாறுதுன்னு சிரிக்கிற பொம்பளைய இப்பத்தான் பார்க்குறேன்."

வார்டே சிரித்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "ரொம்ப நம்பாதீங்க. வரும், போகும். எவ்வளவு நிலைக்கும்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும்" என்றார்.

அவர் சொன்னபடிதான் நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் தெரியும், மூன்று நாள் தெரியாது. தலை பாரம் போயிற்று. ராத்திரி படுத்துத் தூங்கினேன். கோலம் பழையபடி விரிந்தது. அந்தச் சுகத்தைச் சொல்லி மாளாது. ஆனால் வெளியே போனால் குழாயடியில் பேச்சு நின்றுவிடும். ஒரு மாதம் பொறுத்தேன். அப்புறம் ஒரு காலையில், தூறலையும் பார்க்காமல் கிளம்பி வக்கீல் வீட்டுக்குப் போனேன்.

ருக்மிணி மாமி கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"மாமி, உங்க எண்ணெயை நான் எடுக்கலை. நேக்கு அப்போ ஒரு வருஷமா வாசனையே தெரியாது. அதை மறைச்சுண்டு உங்க மாமனார் திவசத்துக்குச் சமைச்சேன். அதான் நான் பண்ணின தப்பு. திருடலை."

அவர் என் முகத்தையே பார்த்தார். வீக்கம் முழுக்க வடிந்திருக்கவில்லை. பிறகு உள்ளே போய், மூடி போட்ட கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து, கண்ணை மூடச் சொல்லி, என் மூக்குக்கு நேரே திறந்தார்.

"இப்போ தெரியறதா? என்னது, சொல்லு."

தூறலில் நனைந்து மூக்கு அடைத்துக்கொண்டிருந்தது. இழுத்து இழுத்துப் பார்த்தேன். நெய்யாக இருக்கும், பெருங்காயமாக இருக்கும் என்று மனசு ஓடியது. ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். சரியாகக்கூட இருந்துவிடும்.

"இன்னிக்குத் தெரியலை மாமி. முந்தாநாள் தெரிஞ்சது."

கண்ணைத் திறந்தேன். கிண்ணத்தில் காய்ச்சின நெய்.

"நெய்யுன்னு ஊகிச்சுச் சொல்லியிருந்தா வாசல்லேயே அனுப்பிருப்பேன்" என்றார். "சமையல்காரிக்குக் காட்ட வேற என்னத்தை எடுத்துண்டு வருவா? அது நோக்குத் தெரியாதா? உள்ள வா."

போன வாரம் அந்த வீட்டில் மாமியார் திவசம். நான்தான் சமைத்தேன். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் மூக்கு பாதி மூக்கு, பக்கத்தில் ஒருத்தர் நிற்க வேண்டும். மூன்று வீடுகள் வேண்டாம் என்றுவிட்டன. மற்றவை கூப்பிடுகின்றன. அன்று ருக்மிணி மாமியே மடிப்புடவை கட்டிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். எண்ணெயை மோந்தார், நெய்யை மோந்தார். வெண்கல உருளியில் பாயசத்துக்குப் பாசிப்பருப்பு வறுத்துக்கொண்டிருந்தேன்.

"ஆயிடுத்தா மாமி?"

"இன்னும் இல்லை. சித்தே பொறு."

கிளறினேன். அப்போது இடது பக்கம், உளி விழுந்த அந்தப் பக்கம், மெல்ல ஒன்று ஏறியது. பச்சை வாடை போய், பருப்பு சிவக்கிற வாசனை. இன்னும் நாலு கிளறு விட்டால் தீய்ந்துவிடும்.

"ஆயிடுத்து" என்றேன்.

"இல்லைடி, நான் நிக்கறேனோல்லியோ? இன்னும் ஆகலை."

"ஆயிடுத்து மாமி" என்று உருளியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டேன்.